அண்ணியின் மூக்கும் ஷாம்பெயின் காக்டெயிலும்

எங்கள் ஹோட்டல் பாரில் அண்ணிக்குச் 'சொட்டு' என்று பெயர். வைத்தவள் நான்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று கலக்குகிறவள் அவள். மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு அலைகிறவள் நான். யாராவது ஷாம்பெயின் காக்டெயில் கேட்டுவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவாள். சர்க்கரைக் கட்டியை எடுத்து வைத்து, மரப்பட்டையும் வேரும் ஊறிய கறுத்த கசப்புச் சாறான பிட்டர்ஸை அதன்மேல் சொட்டுச் சொட்டாக விடுவாள். முகர்ந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் கட்டி கிளாசுக்குள் போகும். அப்புறம் கிளாசைச் சாய்த்து, நுரைத்துப் பொங்கும் ஒயினான ஷாம்பெயினைப் பொங்காமல் ஓரமாக வழியவிடுவாள். அதற்குள் கேட்டவருக்குக் கொட்டாவி வந்துவிடும். திட்டு வாங்குவது நான்.

இந்தக் காக்டெயில் எங்கே பிறந்தது என்று கேட்டால் அண்ணி மழுப்பமாட்டாள். "ஆளாளுக்கு உரிமை கொண்டாடுறாங்க சார். நூத்தம்பது வருஷத்துக்கு மேல பழசு, அதுதான் நிச்சயம். பழைய குறிப்பு ஒண்ணுல இதை ஷேக்கர்ல போட்டுக் குலுக்கச் சொல்லியிருக்கு. குலுக்கிப் பாருங்க, கூரையைத் துடைக்க ஆள் வேணும்."

பிராந்தி பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்பாள். ஆரஞ்சுச் சாறு ஊற்றுவது, பீச் பழக்கூழ் கலப்பது, எலுமிச்சையோடு ஜின் சேர்ப்பது எல்லாம் அவள் கணக்கில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். "மூஞ்சி ஒண்ணுதான், குணம் வேற."

போன குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அடுத்த வாரம் வீட்டில் பால் அடிப்பிடித்து, மாடிப்படி வரைக்கும் நாற்றம். ஓடிப்போய்ப் பார்க்கிறேன், அண்ணி அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ அண்ணி, பால்!"

என் முகத்தைப் பார்த்தாள், பாலைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"காய்ச்சலோட போயிடுச்சுடி. ஒரு வாசனையும் தெரியல. வெளிய தெரிஞ்சா கவுண்டர்ல நிக்க விடமாட்டாங்க. உங்க அண்ணன்கிட்டகூட மூச்சு விடாதே."

விடவில்லை. வந்தாலும் வரும், வராமலும் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அண்ணி பாரில் எப்போதும்போல் முகர்ந்தாள், எப்போதும்போல் தலையாட்டினாள். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் கவுண்டரை விட்டால் அவளுக்கு வேறு உலகம் இல்லை என்று தெரியும், அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு மதியம் முதலாளி நாலைந்து ஹோட்டல்காரர்களை அழைத்திருந்தார். காக்டெயிலின் எல்லா வகையையும் அண்ணி கையால் குடித்துப் பார்க்க வேண்டுமாம். முதலில் அசல் வகை போனது. "ஆகா, இந்தப் பக்குவம் எங்கயும் வராது" என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

காலிக் கிளாஸ்களோடு திரும்பினேன். சமையல்காரர் கவுண்டரைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இங்க என் சோயா சாஸ் பாட்டிலைப் பாத்தியாம்மா? தட்டு அலங்கரிக்கச் சொட்டு விட வசதியா இருக்கும்னு உங்க காலி பிட்டர்ஸ் பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன். காலைல பேசிட்டு இருந்தப்ப மறந்து வச்சிட்டேன் போல."

அண்ணியின் கையில் இருந்தது அதுதான். அத்தனை கிளாசிலும் சொட்டியது சோயா. அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனதும் அவள் காதில் சொன்னேன், "நீங்க ஒண்ணும் பேசாதீங்க. யாராவது கேட்டா புது வகைன்னு சொல்லிக்கலாம்."

"எல்லாரும் குடிச்சாங்களா?"

"மிச்சம் வைக்கல."

"யாருமே ஒண்ணும் கேக்கலையா?"

"பிரமாதம்னாங்க அண்ணி."

ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டு நேராக முதலாளியிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். காய்ச்சல், மூக்கு, சோயா என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். போச்சு என்று நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "அட விடும்மா! எனக்கே தெரியல, நல்லாத்தானே இருந்துச்சு? அதுல யாரு என்னத்தக் கண்டா? நீ பாட்டுக்குப் போய் அடுத்ததைப் போடு."

வேலை போகவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணியைத் தேடினால், பாட்டில் பெட்டிகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறாள்.

"வேலைதான் போகலையே அண்ணி! இப்ப எதுக்கு அழுகை?"

"இத்தனை வருஷம் ஒவ்வொரு கிளாசையும் மோந்து மோந்து குடுத்தேனேடி. யாருக்குக் குடுத்தேன்?"