சோத்தாங்கை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, பொறுமை என்கிற வரம் எனக்கு அருளப்படவில்லை. அப்படிப்பட்ட என்னிடம்தான் ரங்கசாமி வந்து சேர்ந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், ஆடி மாதம். கோயமுத்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அடிபட்ட கைகளுக்கு மறுபடி வேலை பழக்குவது என் பொறுப்பு. ரங்கசாமி பீளமேட்டு மில்லில் பஞ்சு மிஷினுக்கு வலக்கை விரல்களைப் பறிகொடுத்தவர். காயம் ஆறிவிட்டது. ஆனால் மனைவி நாச்சம்மாள் ஊட்டினால்தான் சாப்பிடுவார். அவளுக்கும் அதே மில்லில்தான் வேலை. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியனுப்பிவிட்டார். அவள் போனால் இவர் பட்டினி. போகாவிட்டால் இருவருமே பட்டினி.

"இடக்கையில சாப்புட்டுப் பழகுங்க" என்று தினமும் சொன்னேன். "ஆகட்டுங்க" என்பார். அவ்வளவு பணிவு. கையோ மடியிலேயே கிடக்கும். அந்த "ஆகட்டுங்க"வைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. முடியாது என்று சொல்லித் தொலைத்தால் சண்டையாவது போடலாம்.

மனைவியை ஊட்ட விடாதே, பசித்தால் தானே சாப்பிடுவார் என்றார் டாக்டர் அம்மாள். சனிக்கிழமை அப்படியே செய்தேன். தட்டை முன்னால் வைத்து, நாச்சம்மாளை வெளியே நிறுத்தினேன். சாயங்காலம் வரை அவர் ஒரு பருக்கையைத் தொடவில்லை. அவள் வராந்தாவில் அழுதாள். ஒருவருடைய நன்மைக்காகவே அவரைப் பட்டினி போடலாமா? போடாவிட்டால் திங்கட்கிழமைக்குப் பிறகு யார் பொறுப்பு? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ஸ்டோர் அறைக்குள் போய் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இந்த மனுஷனோடு என்னால் மல்லுக்கட்ட முடியாது. இவருக்கு என்னதான் வேண்டுமாம்? நீரே கேளும்" என்று எரிந்து விழுந்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதை நான் ரங்கசாமியிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

எழுந்து போய்க் கேட்டேன்.

மடியில் கிடந்த இடக்கையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "பீச்சாங்கையில சோத்தத் தொட மாட்டனுங்க. வெரலு போனாலும் இதுதானுங்க சோத்தாங்கை" என்று வலக்கையைத் தூக்கிக் காட்டினார்.

நாங்கள் எல்லாரும் கைகழுவிவிட்ட கை அது. மிஞ்சியிருந்த உள்ளங்கையைச் சுற்றி ஒரு தோல்வாரைக் கட்டி, அதில் கரண்டியைச் செருகினேன். முதல் வாய் மூக்குக்குப் போயிற்று. நாச்சம்மாள் ஓடி வந்தாள்.

"நா ஊட்டட்டுமுங்களா?"

"நீ சும்மா இரு புள்ள" என்றார். தட்டைக் காலிசெய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

திங்கட்கிழமை காலை, "போயிட்டு வாரேனுங்க" என்று அவள் மில்லுக்குக் கிளம்பினாள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறையச் சோறு.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதுமுதல், ஒருவருக்கு எது நல்லது என்று தீர்மானிக்கும் முன் அவரையே கேட்கிறேன். கோபம் இன்னும் போகவில்லை. அதற்கும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மனம் அமைதியான பிறகு முழங்கால் போடலாம் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே கர்த்தரண்டை போங்கள். என் மனம் சாந்தமாகட்டும் என்று காத்திருந்தால், ரங்கசாமி இன்றைக்கும் பட்டினிதான்.