அக்கா வீட்டைப் பிடித்த ரிமோட்

என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். கரும்பலகையில் ஒரு வரியை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த வரி பிள்ளைகளுக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட ஒருத்தியின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது, இதை டிவியோடு சேர்த்துவிடு என்றால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அன்று தம்பியின் இறுதிக் கிரியை. சுவிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தவன், வேலைக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, பிறகு எழும்பவே இல்லை. எங்கள் நேரப்படி மத்தியானம் ஒன்றரைக்குக் கிரியை தொடங்கும், இங்கிருந்தே நேரலையில் பார்க்கலாம் என்று தம்பியின் மனைவி லிங்க் அனுப்பியிருந்தாள். "தொடக்கத்தில ஒரு பத்து நிமிஷம் பெட்டி திறந்திருக்கும் மச்சாள். மாமாவுக்கு எப்படியாவது முகத்தக் காட்டிப் போடுங்க" என்று போனில் அழுதாள். அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு வேண்டும். அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. பெற்ற ஒரே மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

போனில் காட்டினால் என்ன என்று கேட்கலாம். அப்பாவுக்கு ஒரு கண் ஒப்பரேசன் செய்தது, மற்றது செய்யாதது. போனை மூக்குக்கு முன்னால் பிடித்தாலும் "வெளிச்சம் தெரியுது புள்ள" என்பார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெரிய டிவிக்குக் கிட்டக் கதிரையைப் போட்டு உட்கார்த்தினால் ஆளை மட்டுக்கட்டிவிடுவார்.

போனில் வருகிற லிங்கையெல்லாம் டிவியில் காட்ட, அதன் பின்னால் செருகுகிற ஒரு குச்சி இருக்கிறது; அதைத் தந்தவனும் தம்பிதான். இரண்டு வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு கொண்டுவந்தான். நிறம், அளவு, ரிமோட் எல்லாம் அச்சொட்டாக ஒன்றுதான். ஒருத்திக்குக் கூட, மற்றவளுக்குக் குறைய என்று பேச்சு வரக்கூடாது என்பது அவனுடைய கவலை. எங்கள் இருவரையும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பழுகாமத்தில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. அக்காவுக்குச் சீதனமாகக் கட்டியது ஒன்று, எனக்குக் கட்டியது மற்றது. இடையில் ஒரு மாமரமும் இருபது எட்டு வைக்கிற தூரமும்தான். வேலி இல்லை. ஆனால் எட்டு மாதமாக நாங்கள் பேசுவதில்லை. அப்பா முதலில் அக்காவோடுதான் இருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட அன்று, ஆஸ்பத்திரி வாட்டில் நாலு பேர் பார்த்திருக்க, "ஒரு மனிசனப் பாக்கத் தெரியாட்டி நேரத்தோட சொல்லியிருக்கலாமே" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். மறுநாள் காலையில் அப்பாவின் உடுப்புப் பையும் தலையணையும் என் வாசலில் இருந்தன. அன்றிலிருந்து அப்பா என்னோடு. தம்பியின் சேதி வந்தபோதுகூட அக்கா வாசல் மட்டும்தான் வந்தாள். அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள். நான் உள்ளே நின்று அழுதேன்.

அவளுடைய டிவி என்னுடையதைவிடப் பெரியது. கிரியையைப் பார்க்க அப்பாவை அங்கே அனுப்பியிருந்தால் எல்லாம் இலகுவாக முடிந்திருக்கும். நான்தான் செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் "அப்பா என்னோடதான் இருந்து பாப்பாரு" என்று முந்திக்கொண்டு சொல்லி வைத்திருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ரிமோட்டைத் தேடி எடுத்தேன். மகள் வந்தாறுமூலைக் கெம்பசுக்குப் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. மூடியைக் கழற்றினால் பற்றறி இரண்டும் கசிந்து பச்சை பூத்துக் கிடந்தன. அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கிற மெஷினிலிருந்து இரண்டைக் கழற்றிப் போட்டேன். ரிமோட்டின் நுனியில் சின்ன விளக்கு எரிந்தது. டிவியில் "ரிமோட்டைத் தேடுகிறது" என்ற அறிவிப்பு வந்து, வந்தபடியே நின்றது.

மகளுக்கு எடுத்தால் போன் அணைந்திருந்தது, அவளுக்கு அந்நேரம் பரீட்சை. என் கணவரும் அக்காவின் கணவரான அத்தானும் மரண அறிவித்தல் அச்சடிக்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போயிருந்தார்கள். எங்கள் சண்டை அந்த இரண்டு ஆண்களையும் தொட்டதே இல்லை, ஒரே மோட்டார் சைக்கிளில்தான் திரிந்தார்கள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். போனில் ஒருவன் விளக்கம் சொல்லும் வீடியோவைத் தேடிப் பிடித்தேன். குச்சியைக் கழற்றி மறுபடி செருகு, வீட்டுப் படம் போட்ட பட்டனைப் பத்து விநாடி அமத்திப் பிடி என்றான். செய்தேன். விளக்கு மினுங்கியது. இருபது விநாடி பிடித்தேன். பற்றறியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுப் பிடித்தேன். டிவி தேடிக்கொண்டே இருந்தது.

"துடங்கிட்டா புள்ள?" என்று அப்பா கேட்டார். வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, டிவிக்கு முன்னால் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் இல்ல அப்பா."

ஒன்று இருபதுக்கு ரிமோட்டின் விளக்கு மினுங்குவதை நிறுத்திவிட்டு ஒருமுறை நன்றாக எரிந்து அணைந்தது. பிடித்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். எனக்கு உயிர் வந்தது. வீட்டுப் பட்டனை அமத்தினேன். டிவி அசையவில்லை. மறுபடி அமத்தினேன். அம்புக்குறிகளை மேலும் கீழும் குத்தினேன். ஒன்றரை ஆனது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூடச் சொல்லாத வார்த்தைகளை அந்த ரிமோட்டுக்குச் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு குத்து. அங்கே பெட்டி திறந்து கிடக்கிறது, பத்து நிமிடத்தில் மூடிவிடுவார்கள், நான் இங்கே ஒரு பிளாஸ்டிக் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த நேரம் வாசலில் நிழல் தட்டியது. அக்கா. மூச்சு வாங்க நின்றாள், கையில் அவளுடைய ரிமோட்.

"ஏன்கா, நீயா என்ட டிவிய வெளிய எடுக்கிறாய்?"

எட்டு மாதத்துக்குப் பிறகு, எங்கள் ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் போடுகிற அந்தக் 'கா'வோடு, அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

"நானா? எனக்கு இன்னும் குச்சியே பிடிக்கல்ல."

"நான் லிங்கத் திறக்கிறன், அது வெளிய போகுது. மறுகாத் திறக்கிறன், மறுகா வெளிய போகுது. நீ இஞ்ச கத்துற நேரமெல்லாம் அங்க போகுதுகா!"

நான் கையைப் பார்த்தேன். அன்று காலையில் கரண்ட் போய் வந்திருந்தது. இரண்டு வீட்டுக் குச்சிகளும் புதிதாக எழும்பி ரிமோட்டைத் தேடியிருக்கின்றன, நான் பிடித்த பிடியில் என் ரிமோட் போய் அவளுடையதைப் பிடித்துக்கொண்டது என்று பின்னேரம் மகள்தான் விளங்கப்படுத்தினாள். அந்நேரம் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. நான் வெறிபிடித்து அமத்திய ஒவ்வொரு அமத்தலும் தம்பியை அவளுடைய டிவியிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது.

"அந்தச் சனியனக் கீழ வை" என்றாள் அக்கா. "அப்பாவப் பிடி."

"ஆரு, மூத்தவளா?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா. எழும்புங்க, என்ட வீட்ட போய்ப் பாப்பம்."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாசலில் வந்து செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது, மற்றதைக் காணவில்லை. "வெறுங்காலோட வாங்க அப்பா" என்று கெஞ்சினேன். நல்ல காரியம் கெட்ட காரியம் எதற்கும் அவர் வெறுங்காலோடு அடுத்த வீட்டுக்குப் போனவரில்லை. அக்கா குனிந்து கதவுக்குப் பின்னால் கிடந்ததை இழுத்தெடுத்து அவர் காலில் மாட்டினாள். மாமரத்தடியைக் கடக்க ஒரு யுகம் ஆனது. நான் அவரைத் தூக்கிக்கொண்டே ஓடியிருப்பேன், அக்காதான் கண்ணால் அதட்டினாள்.

அவளுடைய டிவியில் கிரியை ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி மூடியிருந்தது. மேலே நிறையப் பூ.

அப்பா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். திரைக்கும் அவருக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

"முகம் எங்க?"

அவருக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். அக்காதான் அவரைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"மூடிட்டாங்க அப்பா. நான் பாத்தன். துடங்கின உடன காட்டினவங்க."

"எப்பிடி இருந்தான்?"

"நித்திரை மாதிரித்தான் அப்பா. பட்டு வேட்டி கட்டி, மீசைய நல்லா ஒதுக்கி விட்டிருந்தாங்க."

"மெலிஞ்சிருந்தானா?"

"இல்ல. கன்னம் எல்லாம் அப்பிடியே இருந்தது."

"நெத்தியில அந்தத் தழும்பு?"

"தெரிஞ்சது அப்பா. திருநீறு பூசியும் தெரிஞ்சது."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு சத்தமில்லாமல் அழுதார். சேதி வந்து ஐந்து நாளாக அவர் கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை, எங்களுக்கு அது பயமாக இருந்தது. அன்று அழுதார். அக்காவின் கையைக் கடைசிவரை விடவில்லை. திரையைக்கூட அதற்குப் பிறகு அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

யார் வெளியே தள்ளியது என்று அக்கா அப்பாவிடம் சொல்லவில்லை. அத்தானிடமும் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் கொடுமையாக இருந்தது. அவள் பார்த்ததை அப்பாவும் பார்த்திருக்க வேண்டியது, என் பெருவிரல்தான் குறுக்கே நின்றது. சோறு இறங்கவில்லை. அக்கா மறுநாளிலிருந்து என் வீட்டுக் குசினிக்குள் வரத் தொடங்கினாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள், என்னிடம் சீனி எங்கே என்று கேட்டாள். மகள் வந்து என் ரிமோட்டை என் குச்சியோடு இரண்டு நிமிடத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு கிழமை கழித்துத் தம்பியின் மனைவி கிரியை முழுவதையும் பதிவாக அனுப்பினாள். காலையில் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து டிவியில் போட்டேன். அந்த முகத்தை நானும் பார்க்கவில்லைதானே. முதல் விநாடியிலேயே பெட்டி மூடியிருந்தது. பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டேன். மூடித்தான் இருந்தது. சுவிசுக்கு எடுத்துக் கேட்டேன். "வீட்டாக்கள் மட்டும் பாத்து முடிஞ்ச பிறகுதான் கமெராவப் போட்டவங்க மச்சாள், எனக்கே பிறகுதான் தெரியும்" என்றாள்.

அப்படியென்றால் அக்கா எதையும் பார்க்கவில்லை. பட்டு வேட்டி, மீசை, கன்னம், தழும்பு ஒன்றையும் பார்க்கவில்லை.

முதலில் நெஞ்சு இலேசானது. என் விரல் எதையும் கெடுக்கவில்லை. அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது. ஒரு கிழமையாக நான் வெந்து செத்தேனே, வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே இவள்! ரிமோட்டைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தேன். நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்றுதான் வந்தேன்.

பந்தலுக்குள் அப்பா குளித்து முடித்து உட்கார்ந்திருந்தார். வெல்லாவெளி வட்டையில் அவரோடு சேர்ந்து வயல் செய்த ஒருவர் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். அப்பா அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "மீசைய ஒதுக்கி விட்டிருந்தாங்க. கன்னம் அப்பிடியே இருந்தது. நித்திரை மாதிரித்தான்." தானே பார்த்ததுபோல் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "புள்ள, அந்த வீடியோ வந்திட்டாமே. போடு. இவருக்கும் காட்டுவம். மூத்தவள் பாத்த முகத்த நானும் ஒருக்கா பாப்பன்."

அக்கா தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

"போட ஒண்ணாது அப்பா" என்றேன். "ரிமோட் பிடிக்குதில்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். தட்டைக் கொண்டுவந்து மெதுவாக வைத்தாள்.

"என்ட வீட்டயும் அதே கதைதான் அப்பா" என்றாள். "காலையில இருந்து பாக்கிறன், பிடிக்குதே இல்ல."

அப்பா வந்தவருக்குத் தேத்தண்ணியை எடுத்துக் கொடுத்தார்.

"அவன் இருந்தா இதுக்குள்ள சரிபண்ணித் தந்திருப்பான்" என்றார்.

"ஓம் அப்பா" என்றோம் இரண்டு பேரும்.