பாலைத் திரித்த ஏரி

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் எதிரே ஒரு அக்கா டீக்கடை வைத்திருந்தார். பட்டணத்துக் கல்லூரிக்குப் போகும் நான் காலை ரயிலுக்கு முன்னால் அங்கேதான் நிற்பேன்.

அந்தக் கோடையில் கடையில் பால் திரியத் தொடங்கியது. கொதி வருவதற்குள் திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடும். அக்கா பால்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, நேத்து மிஞ்சினத கலந்துகினு வர்றியா? பேஜாரு பண்ணாத."

"விடியக்காலைல கறந்தது மா, சத்தியமா."

பெஞ்சில் இருப்பவர்கள் விடுவார்களா? "சத்தியத்துலயும் தண்ணி கலப்பியா நைனா?"

நான்கு எருமைகள்தான் அவர் சொத்து. மற்ற கடைகள் அவரிடம் வாங்குவதை நிறுத்தியிருந்தன. இதுவும் போனால் மாடுகளை விற்க வேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. கெமிஸ்ட்ரி மாணவன் வேறு! "தண்ணி வுடாம பால மட்டும் தனியா காய்ச்சு கா," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே காய்ச்சினார். பொங்கியது; திரியவில்லை. குடத்துத் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றச் சொன்னேன். சற்று நேரத்தில் பிரிந்துவிட்டது.

"பாத்தியா கா! தண்ணிலதான் ஆசிட்டு! நைனா மேல தப்பே இல்ல!" என்று குதித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அது ஏரித் தண்ணீர், ஊரே குடிப்பது. மேட்டில் வந்த புதுத் தொழிற்சாலையின் கழிவு வாய்க்கால் விழுவதும் அதில்தான். ஒருவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழி நீங்கிய பால்காரர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. "என் மாடுங்க அதுலதான தம்பி கெடக்குது?" என்றார்.

தொழிற்சாலைக்கு ஓடினேன். "டீக்கடைல பால் திரிஞ்சா கம்பெனி இன்னா பண்ணும்?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஊர்ப் பெரியவர்களோ, மழை வந்தால் ஏரி தெளிந்துவிடும் என்றார்கள்.

மழைக்கு முன்பே இரண்டு எருமைகள் கறவை நின்றன. நான்கையும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போய், கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வந்தார் பால்காரர்.

பிறகு அதே கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, தூரத்துக் கழனிக் கிணற்றுத் தண்ணீரை விற்றார். அக்கா டீக்கு மட்டும் ஒரு குடம் வாங்கினார். வீட்டுக்கும் சேர்த்து வாங்கக் கட்டுப்படியாகாது. அக்காவின் மகள் இடுப்பில் குடத்தோடு ஏரிக்குப் போவதை ரயில் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன்.