அடுக்களைக்குள் விடாத வீட்டுக்கு ஆள் இல்லை

செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அன்று காலை என்.ஜி.ஓ. காலனியில் ஒரு பெரியவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பைக்குள் ஃபோன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. ஒருவர் உடம்பில் நம் கை இருக்கும்போது ஃபோனை எடுக்கக்கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் சட்டம். அதைப் போட்டவர் செய்யதலி பாத்திமா. பெரியவருக்குச் சட்டை மாட்டி, சாய்த்து உட்காரவைத்த பிறகுதான் எடுத்தேன். பாத்திமாவின் மகள் பேசினாள்.

"உம்மா மவுத்தாயிட்டாங்க சித்தி. தொழுதுட்டு எந்திரிச்சவங்க, நெஞ்சப் புடிச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்க."

சாவுச் செய்தி கேட்டு எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் எத்தனை வீடுகளோடு சண்டை பாக்கி இருக்கிறது, அதற்குள் இவருக்கு என்ன அவசரம்?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலப்பாளையத்துக்காரர். படுத்த படுக்கையாய் இருப்பவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துக் குளிப்பாட்டி, உணவூட்டி, மலஜலம் எடுத்துப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். நாங்கள் சில பெண்கள் சேர்ந்து ஒரு குழுவாகச் செய்கிறோம். இந்துக்களும் உண்டு, என்னைப்போல் வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் அவர் லாத்தா. மேலப்பாளையம் முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரை அடக்கமானவர் என்று யாராவது இரங்கல் கூட்டத்தில் பேசினால் நான் எழுந்து மறுப்பேன். அவர் குரல் தெருமுனைவரை கேட்கும். யாராவது "ஏ ஆயா" என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டார்.

நான் அவரோடு சேர்ந்த புதிதில் பேட்டையில் ஒரு வீட்டுக்கு இருவருமாகப் போனோம். அந்த வீட்டு மகன் அவசரக்காரர். தாயாரைப் படுக்கவைத்தபடியே கஞ்சியைக் கொடுத்துவிடுங்கள், தூக்கி உட்காரவைத்தால் நேரமாகிறது என்றார். லாத்தா ஒரு டம்ளரில் கஞ்சியை ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"நீங்க ஒருதடவ மல்லாக்கப் படுத்துக்கிட்டுக் குடிங்க அண்ணாச்சி. பொறவு அம்மாவுக்குக் குடுப்போம்."

அண்ணாச்சி குடிக்கவில்லை. தாயாரைத் தூக்கி உட்காரவைக்க அவரே ஒரு பக்கம் பிடித்தார்.

இதெல்லாம் சின்னச் சண்டைகள். பெரிய சண்டை கோமதியம்மாள் வீட்டில் நடந்தது. கோமதியம்மாள் தாலுகா அலுவலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். டவுனில் பேர்பெற்ற சைவக் குடும்பம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சர்க்கரை நோயும் உண்டு. அந்த வீட்டில் வேற்றாள் யாரும் அடுக்களைக்குள் போகக்கூடாது. விதி அந்த அம்மாள் போட்டதுதான். மகனும் மருமகளும் வேலைக்குப் போகுமுன் சாப்பாட்டைக் கட்டிலருகே வைத்துவிடுவார்கள். அதற்குமேல் ஏதாவது வேண்டுமானால் அடுத்த வீட்டில் இருக்கும் சொந்தக்காரப் பெண்ணைக் கூப்பிட வேண்டும், அவர் வந்து எடுத்துத் தருவார். இதை மரியாதையாக, சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள். எங்களில் பலர் இந்த மாதிரி வீடுகளில் வேலை பார்த்திருக்கிறோம். பழகிப்போன விஷயம்.

ஒருநாள் வீட்டார் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மகன் போகுமுன் சர்க்கரை ஊசியைப் போட்டுவிட்டார். இட்லியும் இருந்தது. அந்த அம்மாள் ஒரு விள்ளல் தின்றார், அதையும் வாந்தியெடுத்துவிட்டார். உச்சிப்பொழுதுக்கு முன்பே உடம்பு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்குகிறது என்று லாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வீட்டுக்கு ஓடித் தட்டினார். அங்கே பூட்டு. அவர்களும் அதே கல்யாணத்துக்குத்தான் போயிருந்தார்கள்! சொந்தக்காரர்களை நம்பி விதி போடுபவர்களுக்கு, சொந்தத்தில் கல்யாணம் வந்தால் எல்லோரும்தான் போவார்கள் என்று தோன்றவில்லை.

லாத்தா அடுக்களைக்குள் போனார். பிற்பாடு எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சீனி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலளா. இத்தன நாளா வேல பாக்க வீடு! ஒரு டின்னத் தொறந்தா பருப்பு, ஒண்ணத் தொறந்தா மொளகு. வெள்ளையா ஒண்ணு இருந்துச்சு. நாக்குல வச்சுப் பாத்தா உப்பு. அந்தம்மா அங்கன செத்துக்கிட்டு இருக்காங்க, நான் இங்கன டின் டின்னாத் தொறந்துக்கிட்டு நிக்கேன்."

சீனி கிடைத்தது. அம்மாளைச் சாய்த்து உட்காரவைத்து, முதலில் கன்னத்துக்குள் தேய்த்து, நினைவு திரும்பியதும் கரைத்து ஊட்டி, உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார். மாலையில் திரும்பிவந்த மகன் கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் லாத்தா வேலைக்குப் போனபோது அடுக்களை டின்கள் அத்தனையும் கொல்லையில் கழுவிக் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தன. வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

லாத்தா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். "இந்தக் கையத்தான் உங்கம்மா வாய்க்குள்ள விட்டுப் பல்செட்டக் கழட்டிக் கழுவுதேன். அம்மா வாய்க்குள்ள போகலாம், அம்மா அடுக்களைக்குள்ள போகக்கூடாதோ?"

கேட்டதும் லாத்தா தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் கூட்டினார். அடுக்களைக்குள் விடாத வீட்டுக்கு இனி ஆள் இல்லை என்றார். நாங்கள் பதறினோம். பாதி வீடு போய்விடுமே என்றோம். "போட்டும்" என்றார். "எனக்கு மரியாதைக்காகச் சொல்லுதேன்னு நெனைக்காதீய. எனக்கு மரியாதை வேணும், அது வேற. வெந்நி வைக்கத் தெரியாத, சீனி எங்க இருக்குன்னு தெரியாத ஆளு, படுக்கையில கெடக்கவங்களக் காப்பாத்தவே முடியாது. ஒரு நா செத்துப்போவாங்க. பொறவு நம்மளத்தான் கைகாட்டுவாங்க."

வீடுகள் போகத்தான் செய்தன. வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். எங்களில் சிலரும் பிரிந்துபோனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. லாத்தா மட்டும் அசையவில்லை. ரம்ஜான் மாதம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் சட்டம் சட்டம்தான்.

பிறகு ஒருநாள் கோமதியம்மாளே ஃபோனில் வந்தார். எங்கள் முன்னால்தான் லாத்தா பேசினார். ஒலிபெருக்கியில் போட்டார். அந்த அம்மாளுக்கு ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்துத்தான் வரும்.

"பாத்திமா... சீனி... மேல் தட்டுல, இடப்பக்கம். உப்பு... கீழ. வா."

லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் குரலை இறக்கவில்லை. "வாரேம்மா. எனக்கு மட்டும்னா வரமாட்டேன். நான் லீவு போட்டா எந்தப் பிள்ள வந்தாலும் உள்ள போவா. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் கோமதியம்மாள். எனக்கு அவர்மேலும் அன்றைக்கு மரியாதை வந்தது. வாழ்நாள் முழுக்கக் காத்த ஒன்றை, ஒரு கையும் ஒரு காலும் விழுந்த நிலையில், வீட்டில் யாரையும் கேட்காமல் அவர் விட்டார். கடைசிவரை லாத்தாதான் அவரைப் பார்த்துக்கொண்டார்.

செய்தி வந்த அன்று, லாத்தாவின் உடலைக் குளிப்பாட்டும் நேரத்துக்கு நான் மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். மகள் என்னைக் கண்டதும், "வெந்நி பதமா இருக்கான்னு பாருங்க சித்தி, உம்மாவுக்கு ரொம்பச் சூடு ஆகாது" என்றாள். அடுக்களைக்குள் போய்க் கைவிட்டுப் பார்த்து, பச்சைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். உள்ளே பெண்கள் துணியால் மூடியபடியே, உடம்பு வெளித்தெரியாமல் குளிப்பாட்டினார்கள். "பைய, பைய" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தது வெளியில் நின்ற எனக்குக் கேட்டது. அப்போதுதான் அழுதேன்.

அந்த வாரமே டவுனிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். தாயார் படுக்கையில் இருக்கிறாராம், நல்ல ஆள் வேண்டுமாம், எல்லாம் செய்ய வேண்டுமாம். அடுக்களை மட்டும் தாங்களே பார்த்துக்கொள்வார்களாம். எங்கள் நிபந்தனையைச் சொன்னேன்.

"அது அந்தப் பாத்திமாம்மா போட்டதுதான? அவங்கதான் இப்ப இல்லியே" என்றார்.

"அவங்க இல்ல. நாங்க இருக்கோம்" என்றேன்.

யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். நன்றாக யோசிக்கட்டும். போய் வாருங்கள் லாத்தா. உங்கள் சண்டை பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியை நாங்கள் போடுகிறோம்.