மாஸ்டரம்மாவின் கட்டைவிரல்

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கடையில் துணி வெட்டுவது மாஸ்டரம்மாவின் வேலை. எட்டு மடிப்புத் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, முழங்கை நீளக் கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். இருபத்திரண்டு வருடத்தில் கோடு தப்பியதில்லை. தரையில் விழும் துண்டுத் துணியை உடனே கூட்டச் சொல்லி எல்லோர் உயிரையும் வாங்குவாள். அதனால், அவள் வெட்டிப்போட்ட துண்டிலேயே அவள் வழுக்கி விழுந்தபோது கடையில் யாரும் சிரிக்கவில்லை. ஆட்டோ கிளம்பும்வரை அடக்கிக்கொண்டார்கள்.

வலது மணிக்கட்டு மூன்று துண்டாகியிருந்தது. எலும்பு டாக்டர் உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து, தகடு வைத்து, ஏழு ஸ்க்ரூ முடுக்கினார். மறுநாள் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, புதுவீடு கட்டியவர் விருந்தாளிக்கு அறை அறையாகக் காட்டுவதுபோலக் காட்டினார்.

"பாருங்கம்மா, எவ்வளவு அழகா உக்காந்திருக்கு. இந்த மாதிரி வருஷத்துக்கு ரெண்டுதான் அமையும்."

"கத்தரி பிடிக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. மூணு மாசம்."

கடையில் அவள் மேசைக்கு முதலாளி தன் மச்சானைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார். தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டே அவனுக்கு ஒரு மின்விசிறியும் வாங்கிக் கொடுத்திருந்தார். அவன் வெட்டிய சட்டைகளில் இடது காலரும் வலது காலரும் பேசிக்கொள்ளாத சகோதரர்கள் மாதிரி நின்றன.

"பள்ளிக்கூடம் திறக்க ஆறு மாசம் இருக்கு மாஸ்டரம்மா. அதுக்குள்ள வந்து எட்டு மடிப்பு வெட்டிக் காட்டுங்க, மேசை உங்களோடது. இல்லைன்னா பட்டன் தைக்கிற பக்கம் ஒரு நாற்காலி போட்டுடறேன்" என்றார் முதலாளி, ஏதோ சொத்து எழுதிவைப்பவர் போல.

கட்டுப் பிரித்ததும் பயிற்சி சொல்லித்தரும் பெண் ஒரு தாள் கொடுத்தாள். கட்டைவிரலைத் தூக்கி இறக்க வேண்டும். வேளைக்குப் பத்து தடவை, தினம் மூன்று வேளை. ஆனால் துணி வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்ன அளவுக்கே வெட்டமாட்டார்கள். பின்னால் உதவும் என்று மேலே கொஞ்சம் விடுவார்கள். மாஸ்டரம்மா பத்துக்கு மேலே ஐம்பது விட்டாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கணவர், எண்ணுவதற்கு மறுபடி ஏதோ கிடைத்த மகிழ்ச்சியில், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார்.

மூன்றாவது வாரம் மணிக்கட்டின் மேல்பக்கம் நறநறவென்றது. டாக்டரிடம் போனாள். அவர் கையைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார்.

"ஊசி முனை துணிக்கு வெளியே நிக்குற மாதிரி இருக்கு டாக்டர்."

"படத்துல ஒண்ணும் இல்லையேம்மா. நல்லா எக்ஸர்சைஸ் பண்ணுங்க."

படத்தில் இல்லாத வலிக்குக் கையில் இருக்க உரிமை இல்லை என்று புரிந்துகொண்டு திரும்பினாள். நல்ல நோயாளி அவள். அறுபதை எழுபதாக்கினாள்.

ஒருநாள் காலை, வலியே இல்லாமல், உள்ளே நூல் அறுந்தது போலிருந்தது. கட்டைவிரல் தொங்கியது.

"நாப்பத்தி ஒண்ணு" என்றார் கணவர். "நாப்பத்தி ஒண்ணு... என்ன, நிறுத்திட்ட?"

"நான் எங்க நிறுத்தினேன். அது நிறுத்திடுச்சு."

டாக்டர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையைப் பார்த்தார். மணிக்கட்டை மடக்கவைத்து, வேறு கோணத்தில் படம் எடுத்தார்கள். எலும்பின் மறுபக்கத்தில் மூன்றாவது ஸ்க்ரூவின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண் அதன் மேலேதான் போய்வருகிறது. தினம் இருநூறு தடவை, கணவர் எண்ண எண்ண, அவளே அதை அறுத்திருந்தாள்.

"ரெண்டு மில்லிமீட்டர்தான்மா."

"எங்க கணக்குல அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு ஒரு நூல். இது முக்கால் நூல்கூட ஆகாது. அரை நூல் தப்பினாலே நாங்க பிரிச்சுட்டு மறுபடி தைப்போம் டாக்டர்."

"அபூர்வமா வர்ற சிக்கல் இது. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு."

"உடைஞ்ச கையில எங்க கையெழுத்து. இடது கட்டைவிரலைப் பிடிச்சு மையில உருட்டுனாங்க. அது மட்டும் இப்பவும் நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் கொஞ்சநேரம் பேனா மூடியைத் தேடினார். பிறகு அடுத்த ஆபரேஷனை விளக்கினார். தகட்டையும் ஸ்க்ரூவையும் எடுத்துவிடலாம், எலும்பு கூடிவிட்டது. நைந்த தசைநாணை ஒட்டுப்போட முடியாது. ஆனால் ஆள்காட்டி விரலுக்கு இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்றைக் கட்டைவிரலுக்கு மாற்றிவிடலாம்.

"ரெண்டா?" என்றார் கணவர். "அப்போ ஒண்ணு இத்தனை வருஷம் சும்மாவா இருந்துச்சு?"

"வீட்டுல ஒருத்தர் அப்படி இருக்கிறது வழக்கம்தானே" என்றாள் மாஸ்டரம்மா.

இரண்டாவது கட்டுப் பிரித்தபோது பள்ளி திறக்க ஏழு வாரம் இருந்தது. கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. பயிற்சிப் பெண் சிரித்தாள்.

"கட்டைவிரலைத் தூக்கணும்னு நினைக்காதீங்கம்மா. அது இப்ப ஆள்காட்டி விரலோட சொந்தக்காரன். எதையாவது சுட்டிக்காட்டுற மாதிரி நினைங்க, அது தூக்கும். அப்புறம், பத்துன்னா பத்துதான்."

ஜன்னலைச் சுட்டிக்காட்ட நினைத்தாள். விரல் லேசாக அசைந்தது. கடிகாரத்தை நினைத்தாள். இன்னும் கொஞ்சம். அப்போது டாக்டர் நாலு மாணவர்களோடு உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே, கட்டைவிரல் விறைத்து எழுந்து நின்றது.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, எனக்கு சூப்பர்னு காட்டுறாங்க."

ஆறாவது வாரம் கடைக்குப் போனாள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மச்சான் மின்விசிறியை நிறுத்தாமல் பக்கத்தில் நின்றான். எட்டு மடிப்பு விரித்து, கோடு போட்டு, கத்தரியை நுழைத்தாள். கட்டைவிரல் மேலே போனால்தான் கத்தரி வாய் திறக்கும்.

திறக்கவில்லை. மச்சான் தொண்டையைச் செருமினான்.

அவனைச் சுட்டிக்காட்ட நினைத்தாள். கத்தரி பாதி திறந்தது. எட்டு மடிப்புக்கு அவன் போதவில்லை. மாஸ்டரம்மா கண்ணை ஒருகணம் மூடி டாக்டரை நினைத்தாள். பேனா மூடி தேடிய அந்த முகத்தை. கத்தரி முழுசாக வாயைத் திறந்தது. கோடு முடியும்வரை ஒவ்வொரு வெட்டுக்கும் அவரை ஒருதடவை நினைத்துக்கொண்டாள். கோடு தப்பவில்லை.

முதலாளி துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "மச்சான்," என்றார், "அந்தப் பட்டன் டப்பாவைக் கொஞ்சம் பாத்துக்க."