காணாம போனவருக்கு ஒரு சான்று

ஆபீஸ் பீரோவுல தூங்கற பேப்பரை எழுப்பி வெளிய கூட்டியாறதுதான் நம்ம தொழில். எழுப்பறது கஷ்டமில்ல, எந்த பீரோன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள நாம தூங்கிடுவோம்.

கவுன்ட்டர் முன்னாடி நின்னு கால் மரத்துப் போனவங்க, "நாளைக்கு வாங்க"ன்னு கேட்டுட்டு வந்த பஸ்லயே திரும்பினவங்க, சாப்பாட்டு நேரத்துல மூடின கதவுக்கு வெளிய நின்னு வடை வாசனைய மட்டும் வாங்கிட்டுப் போனவங்க, எல்லாரும் நம்ம சொந்தக்காரங்கதான். உக்காருங்க.

நான் இருக்கறது வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் எதிர்ல, அமீர் பாய் ஜெராக்ஸ் கடை வாசல்ல. ஒரு பிளாஸ்டிக் சேர், ஒரு பரீட்சை அட்டை, நாலு பேனா. பாலிடெக்னிக்கை பாதியில விட்டவன்றதால பாய் என்னைக் கூப்பிடறதே "காலேஜு"ன்னுதான். நடுவுல லாட்ஜ்ல சாவி குடுத்தேன், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கடையில வெள்ளக்காரங்களுக்கு இஞ்சி டீ போட்டேன். அவங்க மன நிம்மதி கேட்டு வருவாங்க, இங்க வர்றவங்க பட்டா கேட்டு வர்றாங்க. ரெண்டுமே போன உடனே கெடைக்காது. மனு எழுதறேன், நகல் வாங்கித் தரேன், தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போடறேன். சிரிக்க வெக்கற கதை நெறைய இருக்கு. இது அந்த வகை இல்ல. இது பச்சையம்மா அக்கா வந்து போன கதை.

எந்த தேதியில செத்தாரு?

அக்கா செங்கம் பக்கத்துக் கிராமம். வூட்டுக்காரர் பேரு ஏழுமலை. எந்த ஊர்ல திருவிழான்னாலும் கெளம்பிடற ஆளாம், வூட்ல தங்கறது கம்மி. ஒரு கார்த்திகை தீபத்துக்கு இங்க மலைக்கு வந்தவரு ஒரேடியா தங்கிட்டாரு. கிரிவலப் பாதையில காவி கட்டிக்கிட்டு அன்னதான வரிசையில நிக்கறதை ஊர்க்காரங்க பாத்து வந்து சொல்லியிருக்காங்க. அக்கா வந்து தேடினப்பல்லாம் ஆள் சிக்கல. கடைசியா ஒரு சாமியாரு, "அவனா? மழைக்காலத்துலயே போய்ச் சேந்துட்டான், வேன் வந்து தூக்கினு போச்சு"ன்னாராம்.

அக்காவுக்கு வேணும்னது இறப்புச் சான்று. அது இருந்தாதான் வாரிசுச் சான்று, அது இருந்தாதான் பட்டாவுல பேரு. வூட்டுக்காரர் பங்கு நெலத்தையும் சேத்து கொழுந்தன் மாணிக்கம்தான் உழுது தின்னுட்டிருக்கான். கேட்டா, "அண்ணன் வரட்டும், பிரிச்சுக்கலாம்"ங்கறான். அக்கா தன் நெலத்து வரப்புல நடந்து போய் அடுத்தவங்க நெலத்துல களை எடுக்குது.

நான்தான் கவுன்ட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். எந்த ஆபீஸுன்னு கேக்காதீங்க, எல்லாத்துலயும் அதே கண்ணாடி, அதே ஓட்டை. உள்ள இருந்த மேடம் நல்ல மாதிரிதான். பேரு கேட்டாங்க, சொல்லிச்சு. தேதி கேட்டாங்க, "மழைக்காலம்"னுச்சு. மேடம் கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டு ரொம்ப பொறுமையா சொன்னாங்க: "தேதி இல்லாத சாவு எங்க கம்ப்யூட்டர்ல சாவே இல்லம்மா."

கேள்வி கேக்கறது குத்தம்

சரி, தகவல் உரிமைச் சட்டத்துல போடலாம்னேன். பத்து ரூபா ஸ்டாம்பு ஒட்டினா போதும். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். "என் வூட்டுக்காரர் செத்துட்டாரா, இல்லையா? செத்திருந்தா எங்க பொதைச்சீங்க? எனக்கு ஏன் சொல்லி அனுப்பல?" எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. இதைப் படிச்சா ஆபீஸே எழுந்து நிக்கும்னு நெனச்சேன். அதுதான் நம்ம லைன்ல பண்ணக் கூடாத தப்பு. அந்தச் சட்டத்துல கேள்வி கேட்டா பதில் வராது. அவங்ககிட்ட இருக்கற பேப்பரோட நகலைத்தான் கேக்கணும்.

பதில் வந்துச்சு, ரெண்டே வரி. மனுதாரர் கோருவது கேள்வி வடிவில் உள்ளது, தகவல் என்ற வரையறைக்குள் வராது. அக்காவுக்கு நானே படிச்சுக் காட்டினேன். புரியலன்னுச்சு. மறுபடி படிச்சேன். அப்பவும் புரியல. பாய் மெஷினை நிறுத்திட்டு எட்டிப் பாத்தாரு. "ஏம்மா, இவன் உன் மனசுல இருக்கறதை அப்படியே எழுதிட்டான். டேய் காலேஜு, மனசுல இருக்கறதை எழுதினா அது லவ் லெட்டர்டா, மனு இல்ல!"

கொழுந்தன் பாசம்

நடுவுல ஒரு நாள் வெள்ளை வேட்டி, பாக்கெட்ல ரெண்டு போனோட ஒருத்தன் வந்து என் எதிர்ல குந்தினான். கொழுந்தன் மாணிக்கம். அண்ணி இங்க வந்து போறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. சண்டைக்கு வந்திருக்கான்னு நெனச்சு செருப்பை மாட்டிக்கிட்டேன், ஓடறதுக்கு. அவன் டீ சொன்னான். "தம்பி, எங்க அண்ணன் உயிரோட கீறாருன்னு ஒரு பேப்பர் வேணும். நீ நல்லா எழுதறியாமே"ன்னான்.

"எழுதிடலாம்ணே, அண்ணனை ஒரு தடவ கூட்டியா. கைரேகை வெச்சா முடிஞ்சுது"ன்னேன். "அவரு சாமியாருப்பா, எங்கன்னு புடிக்கறது?"ன்னான். "அப்ப உயிரோட கீறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"னேன். மலையைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டான். இந்த ஊர்ல சாட்சி இல்லாதவன் எல்லாம் அதைத்தான் கூப்பிடுவான். டீயைக் குடிச்சு முடிச்சான். கெளம்பும்போது என் தோள்ல கை வெச்சு, சத்தியம் பண்ற மாதிரி சொன்னான்: "யாரு இன்னா பண்ணாலும் சரி, எங்க அண்ணன் சாவறதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

மனுவோட கிரிவலம்

ரெண்டாவது மனுவை ஒழுங்கா எழுதினேன். கேள்வி இல்ல, கண்ணீர் இல்ல. கிரிவலப் பாதையில் கண்டெடுக்கப்பட்ட, அடையாளம் தெரியாத ஆண் சடலங்கள் பற்றிய பதிவுகளின் நகல், புகைப்படத்துடன். எழுதி முடிச்சுட்டு எனக்கே என் மேல பயமா இருந்துச்சு, அவ்ளோ ஆபீஸர் மாதிரி எழுதியிருந்தேன்.

அது மொதல்ல ஒரு ஆபீஸ் போச்சு. எங்களுக்குச் சம்பந்தம் இல்லன்னு அவங்க இன்னொண்ணுக்கு அனுப்பினாங்க. அவங்க அதுக்கு அடுத்ததுக்கு. ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு ஒரு கடுதாசி வரும்: தங்கள் மனு இன்னாருக்கு மாற்றி அனுப்பப்பட்டுள்ளது. அக்கா ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு மடியில வெச்சிக்கும். ஏதோ நடக்குதுன்னு அதுக்கு நம்பிக்கை. நடக்குதுதான், ஆனா சுத்தி நடக்குது. கடைசி கடுதாசியைப் பாத்தா, மொதல்ல போட்ட ஆபீஸுக்கே திரும்பி வந்துடுச்சு. அக்கா அந்தக் கவரைத் தடவிக்கிட்டே சொல்லிச்சு: "பரவால்ல தம்பி, சாமியைச் சுத்தின மாதிரி நெனச்சுக்கலாம். ஆனா மலையைச் சுத்தறவங்களுக்கு நடுவுல சாமியாச்சும் இருக்கும்."

தாடி வரைஞ்ச மத்தியானம்

நகல் ஒரு வழியா வந்துச்சு. அத்தனை பக்கத்துலயும் முகம் இருக்க வேண்டிய எடத்துல ஒரு கருப்புக் கட்டம். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்காங்க. பாய் மெஷின்ல வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி எடுத்துப் பாத்தாரு, கருப்பு சாம்பலாச்சு, அவ்ளோதான். போலீஸ் ஸ்டேஷன்ல நேர்ல போய்ப் பாக்கறதுக்கு ஒரு மனு போட்டோம், வரச் சொல்லிட்டாங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு சிக்கல். அக்காகிட்ட இருக்கற ஒரே போட்டோ, ஓட்டர் ஐடியில வழவழன்னு சவரம் பண்ண ஏழுமலை. சாமியாருங்க எல்லாம் தாடி. எப்படி ஒத்துப் பாக்கறது? பாய் அந்த போட்டோவைப் பெருசாக்கி எடுத்துக் குடுத்தாரு. நான் ஸ்கெட்ச் பேனா எடுத்துத் தாடி வரைஞ்சேன். ஒண்ணுல குட்டையா, ஒண்ணுல மார் வரைக்கும், ஒண்ணுல சடையோட. நான்தான் ஜோக்கு அடிச்சுக்கிட்டே வரைஞ்சேன். "இது அன்னதான தாடி, இது தீபத் தாடி." அக்காவும் சிரிச்சுது, வாயை முந்தானையால மூடிக்கிட்டு. அப்புறம் நீளத் தாடி பேப்பரை எடுத்து ரொம்ப நேரம் பாத்துச்சு, கண்ணுக்குக் கீழ வெரலை வெச்சுச்சு. "இவ்ளோ வயசாயிடுச்சா இவருக்கு? சாப்பாடு யாரு போட்டாங்களோ."

சொல்லிடும்மா

ஸ்டேஷன்ல ஒரு ஏட்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாரு. கலர் போட்டோ. அதுக்குக் கருப்புக் கட்டமே தேவலன்னு தோணுச்சு. எல்லாரும் கண்ணு மூடின, வாய் லேசா தெறந்த வயசானவங்க. நெத்தியில விபூதி மட்டும் புதுசா இருக்கு. பேரு: தெரியவில்லை. ஊர்: தெரியவில்லை. உறவினர்: தெரியவில்லை. அக்கா ஒவ்வொண்ணையும் பாத்து, "இல்லீங்க"ன்னுச்சு. எந்த அவசரமும் இல்லாம, ஒவ்வொருத்தருக்கும் தனியா. கடைசி போட்டோவும் முடிஞ்சுது. இல்ல.

ஏட்டு நல்ல மனுசன், அதான் வெனை. கதவை ஒருக்களிச்சு சாத்திட்டு வந்தாரு. ஒரு போட்டோவைத் திரும்ப எடுத்தாரு. "இதுல வயசு ஒத்துப் போவுது, ஒசரம் ஒத்துப் போவுது. வந்து கேட்டவங்க யாரும் இல்ல. இவருதான்னு சொல்லிடும்மா. கையெழுத்து போட்டா தேதி கெடைக்கும், சான்று கெடைக்கும், உன் நெலம் உனக்கு." நான் அக்காவைப் பாக்கல, தரையைப் பாத்தேன். எனக்கு அக்கா ஆமான்னு சொல்லணும்னு இருந்துச்சு. சத்தியமா இருந்துச்சு.

அக்கா கேட்டுச்சு: "நான் இவருதான்னு சொல்லிட்டா, இந்த போட்டோ இன்னா ஆவும்?" ஏட்டு, "ஃபைலை மூடிடுவோம்மா, அப்புறம் யாருக்கும் காட்ட மாட்டோம்"னாரு. அக்கா ஸ்க்ரீனை ஒரு தடவை பாத்துச்சு. எழுந்து நின்னு முந்தானையை இழுத்து சொருகிக்கிச்சு. "அப்ப இவரைத் தேடினு ஒருத்தி வருவாளே, அவளுக்கு இன்னா காட்டுவீங்க?"

எப்பலேர்ந்து?

இனிமே ஒரே வழி கோர்ட்டு. வக்கீல் மொத கேள்வியே, "காணோம்னு குடுத்த புகார் நகல் எங்க?" புகாரே இல்ல. அக்கா அந்தக் காலத்துல குடுக்கத்தான் போயிருக்கு. "சாமியாரா போனவரைக் காணோம்னு எப்படிம்மா எழுதறது, எங்க கீறாருன்னு ஊருக்கே தெரியுதே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். புகார் பதிவானதுலேர்ந்து ஏழு வருஷம் ஆளைப் பத்தித் தகவலே இல்லன்னு காட்டினாதான் இங்க கேஸ் நிக்கும்னுட்டாரு வக்கீல். ஏழுமலை கெளம்பினது எப்பவோ. பேப்பரைப் பொறுத்த வரைக்கும் இன்னிக்குத்தான் செருப்பு மாட்டறாரு. இன்னும் ஏழு வருஷம் மாணிக்கம் உழுவான், அக்கா களை எடுக்கும், இடுப்பு இருந்தா.

அதே ஏட்டுதான் புகாரை வாங்கினாரு. இந்த தடவை நான் ஒரு வார்த்தை கூட சேக்கல, அக்கா சொன்னதைக் கேட்டு ஆபீஸ் பாஷையில எழுதிக் குடுத்துட்டேன். பேரு, வயசு, நெறம், அங்க அடையாளம் எல்லாம் சரி பாத்துட்டு ஏட்டு தலை நிமிந்து, "எப்பலேர்ந்தும்மா காணோம்?"னாரு. அக்கா கவரை மடியில வெச்சிக்கிட்டு யோசிச்சுது. சிரிக்காம, அழாம, வெலை சொல்ற மாதிரி சொல்லிச்சு: "தாலி கட்டின மறுநாள்லேர்ந்துன்னு சொன்னா எழுதிக்குவீங்களா சார்?"

செத்தவங்களுக்கும் எங்க தொழில்ல நமூனா ஃபாரம் இருக்கு, இருக்கறவங்களுக்கும் இருக்கு. காத்துனு கெடக்கறவங்களுக்குத்தான் இன்னும் அச்சடிக்கல.