ரதியாகப் பாடிய சோலைமலை

பெரும்பாறை காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் சுப்பையாவுக்குப் படம் சேர்க்கிற கிறுக்கு உண்டு. சினிமாப் படமல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துப் பாடினவர்கள், தப்படித்தவர்கள், அவர்களுடைய பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அவரைப் போலக் கப்பலேறித் திரும்பி வந்த குடும்பம் ஏதாவது அப்படியொரு படம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவார். கெஞ்சிக் கேட்டாவது வாங்கிவிடுவார். வாங்கியதை ஒருவருக்கும் கொடுத்ததில்லை.

அவற்றில் அவருக்கு உயிர், ரதியின் படம். மன்மதன் எரிந்தபின் ரதி பாடும் ஒப்பாரிக்கு, வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்து லயமே அழும். சேலை கட்டி ரதியாகப் பாடியது சோலைமலை என்ற இளவட்டம். இங்கே வந்தபின் சோலைமலை போன இடம் தெரியவில்லை. எழுபத்தொன்பதில் வத்தலக்குண்டுச் சந்தையில் பூண்டு விற்க வந்தவர்தான் சொன்னார்: "சோலைமலையா? கிளாவரையில எங்க பூண்டுக் காட்டுக்குப் பக்கத்துக் காடு அவரோடதுங்க."

மறுவாரமே சுப்பையா மன்னவனூர் பஸ் பிடித்து, மிச்சதூரம் நடந்தார். சோலைமலையும், கல்யாணமாகி ஆறேழு வருடமான மனைவி மூக்கம்மாவும் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார் சோலைமலை. படத்தை நீட்டியதும் முகம் சுருங்கிப்போனது.

"இது நானில்லண்ணே" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "பொம்பள வேசங் கட்டுனது இங்க யாருக்கும் தெரியாது. உள்ள வையிங்க."

அதற்குள் மூக்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிவிட்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

"கழுத்தச் சாச்சு நிக்கிறது எங்க வீட்டுக்காரருல்ல? ஏங்க, இம்புட்டு அழகா இருந்திருக்கீக, எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"சிரிப்பேன்னு நெனச்சேன்."

"எதுக்குச் சிரிக்கணும்? பாடுங்க, கேப்போம்."

சோலைமலை தரையைப் பார்த்தபடி தொடங்கினார். குரல் தடித்திருந்தது, மேலே போகும்போது உடைந்தது. ஆனாலும் அடுத்த பாத்தியில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த கூலியாட்களின் கைகள் நின்றுவிட்டன. மூக்கம்மா அழுதாள். சுப்பையாவுக்கும் கண் கலங்கியது.

புறப்படும்போது அவள் படத்தைத் திருப்பித் தரவில்லை.

"அண்ணே, எங்கிட்டயே இருக்கட்டுமே. இவுக அந்த வயசுல எப்படி இருந்தாகன்னு நான் பாத்ததே இல்ல."

சுப்பையா வாங்குவதற்காகக் கையை நீட்டிவிட்டிருந்தார். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். "வச்சுக்க தாயி. மாசிக்குப் பெரும்பாறைக்கு வாங்க. லயத்துல காமன் கம்பம் நட்டுக் கூத்து நடத்துறோம், இவன் பாடணும்" என்று சொல்லிவிட்டார். பெரும்பாறையில் அப்படியொரு பேச்சையே அதுவரை யாரும் எடுத்திருக்கவில்லை.

வழிநெடுகச் சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தார். திரும்பிப் போய்க் கேட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. ஊர் வந்ததும் அதற்கு நேரமில்லை. வீடுவீடாகப் போய்ப் பேசினார், தப்படிக்க ஆள் பிடித்தார், பலரிடம் வசவும் வாங்கினார்.

மாசியில் இருவரும் இறங்கி வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மூக்கம்மா குத்தவைத்து உட்கார்ந்து, புருசனுக்குச் சேலைக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே தப்பு முழங்கியது.

"மீசைய எடுக்க மாட்டேங்குறாகண்ணே, நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

"இருக்கட்டும் தாயி, பாட்டுக்கு மீசை என்ன பண்ணப்போகுது" என்றார் சுப்பையா. "வெரசா கட்டிவிடு, சனம் காத்துக்கெடக்கு."